கொச்சிக்காரர் பெட்டி

நவ. 18, வியாழன்

விடிந்ததிலிருந்து தூறல். அணைக்கட்டில் தண்ணீர் செங்கலங்கல். அளவு எடுத்தேன், எழுதினேன், ஆபீசில் ஒழுகும் இடத்துக்கெல்லாம் வாளி வைத்தேன். அரசாங்கம் இதற்குத்தான் சம்பளம் தருகிறது.

மதியம் ஆபீசுக்கு ஒரு போன். கொச்சியிலிருந்து. வயசான பெண் குரல், மலையாளம் கலந்த தமிழ்.

"என் பேர் சாரா. நாங்கள் கொச்சி யூதக்காரர். எங்க குடும்பத்துப் பெட்டி ஒண்ணு ஸ்ரீவைகுண்டத்தில் உங்க வீட்டில் உண்டு என்று அப்பன் சொல்லும். இப்பவும் உண்டோ?"

"உண்டு" என்றேன்.

பிள்ளைகளோடு இஸ்ரேலுக்கே போகிறாராம், ஒரேயடியாக. அதற்கு முன்னால் அடுத்த வெள்ளிக்கிழமை வருகிறார்.

நம்பவே முடியவில்லை. டச்சுக்காரன் காலத்தில் தூத்துக்குடியில் முத்தும் துணியும் வியாபாரம் செய்த குடும்பம். ஏதோ அவசரத்தில் கொச்சிக்குத் தோணி ஏறும்போது வீட்டுச் சாமானை எங்கள் முன்னோர் ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார்கள். இன்றுவரை யாரும் கேட்டு வரவில்லை. நாங்களும் எதையும் தொடவில்லை. அப்பா சாகும்போது வயலைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "பெட்டி, பெட்டி" என்றுதான் உயிர் போயிற்று. அடைக்கலப் பொருளில் கை வைத்தவன் குடும்பம் விளங்காது என்பார்.

வீட்டுக்காரி சிவகாமியிடம் சொன்னேன். "வரட்டும். நம்ம பாரம் இறங்கட்டும்" என்றாள். எனக்கும் அதே நினைப்புதான்.

நவ. 20, சனி

மழை விட்டு விட்டு. உள்ளே பூட்டிக் கிடக்கும் அரங்கு வீட்டில் பெட்டியைத் திறந்தேன். கால் வைத்த வெள்ளிக் கிண்ணம். கோபுரம் மாதிரி சின்ன வெள்ளிச் சிமிழ், உச்சியில் தம்மாத்துண்டு கொடி, உள்ளே இன்னும் லேசாகக் கிராம்பு வாசம். இரண்டு காது வைத்த செம்பு, கை கழுவ. மேசை விரிப்பு ஒன்று, பூச்சி அரித்தது, தொட்டால் உதிரும். பித்தளைத் தொங்கு விளக்கு, நட்சத்திர வடிவம், சுற்றிலும் திரி போடும் மூக்குகள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஏற்றுவார்களாம். அவர்களுக்கும் வெள்ளிக்கிழமைதான் விசேஷம் போல.

மூடிப் பூட்டுகிறேன், வாசலில் ஆள். வள்ளியூர்ப் பழஞ்சாமான் வியாபாரி. இடிக்கிற வீடுகளில் நிலை, கதவு வாங்குகிறவன்.

"அண்ணாச்சி, பழைய பித்தளை ஏதும் குடுக்குதியளா? தொங்கு வெளக்கு மாதிரி?"

தூக்கிவாரிப் போட்டது. ஊரில் யாரிடமும் மூச்சு விட்டதில்லை.

"இங்கன ஒண்ணும் இல்ல வே. போயிட்டு வாரும்."

"ஒண்ணும் இல்லாத ரூமுக்கா அண்ணாச்சி இம்புட்டுப் பெரிய பூட்டு?" சிரித்தான். போகவும் இல்லை. எதிர் டீக்கடையில் போய் உட்கார்ந்துகொண்டான்.

நவ. 21, ஞாயிறு

அவன் இன்றும் டீக்கடையில். யார் வீட்டு இழவுக்குக் காத்திருக்கிறானோ. பின்கதவுக்குப் புதுத் தாழ்ப்பாள் போட்டேன்.

வருகிறவர்கள் முன்னால் சாமானெல்லாம் களிம்பு பிடித்துக் கிடக்கக் கூடாது. சாவியைச் சி.யிடம் கொடுத்து, புளி போட்டுத் துலக்கி வை என்றேன்.

பல் வலி. மண்ணெண்ணெய் இல்லை.

நவ. 23, செவ்வாய்

எழுத்து கோணினால் கோணட்டும்.

ஆபீசிலிருந்து வந்தால் வீடு பூட்டு. சி. சாவியைக் கொடுத்துவிட்டுத் திருநெல்வேலி டவுணுக்குப் போயிருப்பதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள். திருக்கார்த்திகை வருகிறதே, ஏதோ வாங்கப் போயிருப்பாள் என்று நினைத்தேன். பெட்டியைத் திறந்தேன். வெள்ளி எல்லாம் பளபள. விளக்கு இல்லை.

டீக்கடைக்கு ஓடினேன். "எங்கலே அவன்?" கடைக்காரர் பயந்துவிட்டார். "வள்ளியூர்க்காரனா? காலையிலேயே பஸ் ஏறிட்டானே. கையில ஒரு சாக்கு வச்சிருந்தான்."

போலீசுக்குப் போகச் சட்டையை மாட்டுகிறேன், சி. பஸ்சிலிருந்து இறங்கி வருகிறாள். மார்போடு பிள்ளையை அணைத்த மாதிரி ஒரு பொட்டலம். பிரித்தாள். புதுக் குத்துவிளக்கு. அஞ்சு முகம், உச்சியில் அன்னம்.

"எப்படி இருக்கு?"

"பழசு எங்கட்டி?"

"அதைப் போட்டுத்தான இதை எடுத்தேன். ஏழு மூக்குல ஒரு மூக்கு ஒடிஞ்சு மூளியால்லா இருந்துச்சு! கடல் தாண்டிப் போறவியளுக்கு மூளி வெளக்கையா கையில குடுக்க? நமக்குத்தான் பாவம். நம்ம கைச்செலவுல நெறைவாக் குடுப்போம்னு..."

என் முகத்தைப் பார்த்து நிறுத்திவிட்டாள். அப்புறம் அழ ஆரம்பித்தாள். அவள் செய்தது நம் வீடுகளில் நூறு பெண்கள் செய்வது. மூளிப் பாத்திரம் வீட்டுக்கு ஆகாது.

நவ. 24, புதன்

லீவு. முதல் பஸ்சில் டவுண். வழியெல்லாம் ஒரே வேண்டுதல்: வள்ளியூர்க்காரனாவது அதைப் பார்த்து வாங்கியிருக்கட்டும். திருட்டுப்பயல் என்று நேற்று வைத ஆள்தான். அவன் கைக்குப் போயிருந்தால் விளக்கு விளக்காகவே இருக்கும்.

பாத்திரக்கடைக்காரர் பைய நிமிர்ந்து பார்த்தார். "பழம் பித்தளை எல்லாம் நேத்தே பட்டறைக்குப் போயிட்டே அண்ணாச்சி."

பட்டறையில் உலை எரிந்துகொண்டிருந்தது. பித்தளை வார்க்கும் கன்னார் ஒருவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "அந்த நச்சத்திர வெளக்கா? நல்ல பித்தளை. இந்தக் காலத்துல இப்படி எவன் வார்க்கான்? வெண்ணெயா உருகிச்சு."

நன்றி சொல்லிவிட்டு வந்தேன். எதற்கு நன்றி சொன்னேன் என்று தெரியவில்லை.

நவ. 25, வியாழன்

மலையில் பேய்மழை. ஆறு ஏறுகிறது. அணைக்கட்டில் ஊர்ப்பட்ட கூட்டம் வேடிக்கை. ஏறட்டும், பாலத்தை மறிக்கட்டும், நாளைக்கு ஒரு வண்டியும் இந்தப் பக்கம் வரக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன். வெள்ளம் வந்தால் முதலில் முங்குவது பள்ளத்தெருக் குடிசைகள் என்று தெரிந்தும் வேண்டிக்கொண்டேன். தண்ணீர் அளக்கிறவன் வேண்டுகிற வேண்டுதலா இது.

சி. இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை. கேட்டாள்: "பெட்டியில வெளக்கே இல்லன்னு சொல்லிருவமா? பாத்தவிய யாரு இருக்கா?"

கூடாது என்று சொல்லியிருக்க வேண்டும். பார்க்கலாம் என்றேன்.

நவ. 26, வெள்ளி

மழை வெறித்துவிட்டது. தண்ணீர் இறங்கிவிட்டது. பளிச்சென்று வெயில். பாவி வெயில்.

பத்து மணிக்கு டாக்சி. சாரா அம்மாள் தனியாக. குள்ளம், நரைத்த தலை, கையில் பெரிய குடை. சாயங்காலத்துக்குள் திருநெல்வேலி லாட்ஜுக்குத் திரும்பிவிட வேண்டுமாம், வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்தால் அவர்களுக்குப் பிரயாணம் கூடாது. தண்ணீர் மட்டும் குடித்தார். வாய் வரை வந்துவிட்டது, விளக்கு எப்போதுமே இல்லை என்று. அவர் முந்திக்கொண்டார்.

"நான்தான் உடமைக்காரி என்று நீங்கள் எப்படி விசுவசிக்கும்?" சிரித்தார். கைக்குட்டை முடிச்சை அவிழ்த்து மேசைமேல் வைத்தார்.

பித்தளை மூக்கு. ஒடிந்த இடம் கறுத்திருந்தது.

"போகும்போது விளக்கில் ஒண்ணை ஒடிச்சு எடுத்துப் போனது. இதைக் கொண்டுவந்து பொருத்திக் காட்டும் ஆளுக்குப் பெட்டி. அதாக்கும் ரெண்டு வீட்டுக்கும் ஒப்பந்தம். இங்கே சொல்லித் தந்திருக்குமே?"

சொல்லித் தரவில்லை. எந்தத் தலைமுறையில் விட்டுப்போயிற்றோ. பயத்தை மட்டும் ஒழுங்காகக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

"விளக்கை எடுங்கள். சேர்த்துப் பார்க்கலாம்."

நான் வாயைத் திறப்பதற்குள் சி. வெளியே வந்துவிட்டாள். "நாந்தாம்மா உருக்கப் போட்டேன். மூளியா இருக்கேன்னு போட்டேன்."

அந்த அம்மாளுக்கு முதலில் புரியவில்லை. நான் இன்னொரு தடவை சொல்ல வேண்டியிருந்தது. கோபப்படுவார் என்று நினைத்தேன். பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மேசைமேல் கிடந்த மூக்கைக் கையில் எடுத்துக்கொண்டார்.

கிண்ணம், சிமிழ், செம்பு, விரிப்பு எல்லாம் எடுத்துக்கொண்டார். புது விளக்கைச் சி. நீட்டினாள். வேண்டாம் என்று தலையாட்டினார். டாக்சியில் ஏறுமுன் மூக்கை அவள் கையில் வைத்து விரல்களை மடக்கிவிட்டார். "எனக்கு இனி இது எதுக்கு?"

பெட்டி காலி. கூடத்தில் விளக்கேற்றும் நேரம் தாண்டிவிட்டது, சி. இன்னும் எழுந்திருக்கவில்லை. உள்ளங்கையை விரித்துப் பார்ப்பதும் மூடுவதுமாக இருக்கிறாள். இப்போது கேட்கிறாள்: "இதை எங்கங்க வைக்க?"