துரை கல்லின் நாலாவது வரி

நவம்பர் 9, ஞாயிறு

சிதம்பரத்தில் விடியலிலிருந்து மழை. பஸ்ஸில் கடலூர் பழைய டவுன். என் ஈரக் குடையால் பக்கத்து சீட்டுக்காரன் வழிநெடுக முறைப்பு.

ஆராதனை முடிந்து சபை கமிட்டி. சர்ச் சுவரில் பதித்திருக்கும் துரை கல்லை, அதாவது வெள்ளைக்காரத் துரை ஒருவனின் நினைவுக் கல்லை, எடுப்பதா, விடுவதா. அந்தத் துரை நம் துறைமுகத்திலிருந்து ஜனங்களைக் கப்பலேற்றி அடிமையாக விற்றவன் என்று பழைய காகிதங்களில் கண்டுபிடித்தது ஜெபா. மச்சான் மகள், வக்கீல். வாய் நீளம், மூளையும்தான்.

"மகா கருணை உள்ளவர்னு செதுக்கி வச்சிருக்காங்க மாமா. அதுக்கு எதுர்ல நான் எப்படி முட்டி போடறது?"

பொருளாளர்: "கல்லு அது பாட்டுக்குக் கெடக்குது. ஒன்ன கடிச்சிதா?"

கை தூக்கச் சொன்னார் போதகர். எடுக்க ஐந்து, வேண்டாம் ஐந்து. நான் தூக்கவில்லை. அடுத்த ஞாயிறு நான் சொல்வதுதான் முடிவாம். நன்றாக மாட்டிக்கொண்டேன்.

நவம்பர் 11, செவ்வாய்

பி.பி. மாத்திரை. கேஸ் புக்கிங். முருங்கைக்கீரை (மறந்தேன், வீட்டுக்காரி மேரியிடம் திட்டு).

துரை எக்கேடோ கெட்டுப் போகட்டும். எனக்கு அந்தக் கல் என்றால் எஸ்தர் அக்கா. கிறிஸ்துமஸ் ஆராதனை முடிந்ததும் பிள்ளைகள் அந்தக் கல்லில் முதுகை ஒட்டி நிற்போம். தலை எந்த வரிக்கு வருகிறது என்று அப்பா பார்ப்பார். கடைசித் தடவை அக்கா கீழிருந்து நாலாவது வரி, நான் இரண்டாவது. "எட்டிப் புடிடா பாப்போம்!" என்றாள்.

அடுத்த மாதம் மஞ்சள் காமாலையில் போய்விட்டாள். ஒன்பது வயது. எனக்கு ஆறு. ஒரு போட்டோகூடக் கிடையாது, அந்த வரிதான். கருணை உள்ளவன் என்று இங்கிலீஷில் இருப்பதும் அதே வரிதான். வரி பொய். உயரம் மெய்.

அளந்து வைக்க இத்தனை வருஷம் தோன்றவில்லை. கல் எங்கே போய்விடும் என்று இருந்தேன்.

நவம்பர் 16, ஞாயிறு

வெயில். கூட்டத்துக்கு முன் ஜெபாவிடம் அக்கா கதையைச் சொல்லிவிட்டேன். மேரிக்குக்கூடத் தெரியாது. குறுக்கே பேசாமல் கேட்டாள் ஜெபா, அதிசயம்.

"அப்ப இருக்கட்டும் மாமா. என் தீர்மானத்த நான் வாபஸ் வாங்கிடறேன்."

அதுதான் தாங்கவில்லை. கப்பலில் போனவர்களுக்கும் ஒரு அக்கா இருந்திருப்பாள். அவளுக்கு எந்தச் சுவரில் வரி?

கை தூக்கினேன். எடுக்க.

பொருளாளர்: "அடப்பாவி, ஒன்ன போய் நம்புனேன் பாரு!"

நவம்பர் 19, புதன்

கல் இறக்கம். கொத்தனார் இருவர். உளி வைக்குமுன் தரையிலிருந்து நாலாவது வரிவரை சணல் பிடித்தேன். கீழ் முனையை ஜெபா மிதித்துக்கொண்டாள். வரிக்கு நேரே ஒரு முடிச்சு. முப்பது வருஷம் தபால் கட்டு கட்டிய கை, அவிழாது.

வீட்டில் கதவு நிலையில் ஆணியடித்து, கீழ் முனை தரையில் படும்படி தொங்கவிட்டேன்.

மேரி: "யாருக்குங்க அளவு?"

அக்காவுக்கு என்றேன். பக்கத்தில் நின்று பார்த்தேன். முடிச்சு என் சட்டைப் பைக்குத்தான் வருகிறது.

இவ்வளவு சின்னப் பிள்ளையா அக்கா நீ? இத்தனை வருஷமும் உன்னை அண்ணாந்தே பார்த்துக்கொண்டிருந்தேனே.