மார்த்தாவின் பீச் மரமும் நான் ஏலம் எடுத்த குப்பியும்

திற்பரப்பு,
6.11.2013

அன்பு மகள் பிரிஜாவுக்கு அம்மை எழுதுவது. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. இங்கே நானும் அப்பாவும் சுகம், மழையில் அப்பாவுக்கு முட்டுவலிதான் கொஞ்சம் கூடுதல், தைலம் தேய்க்கிறேன். போனில் பேசாமல் ஏன் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் என்றால் என் வாய் எனக்கு முந்தி ஓடுகிறது, வியாழக்கிழமை ஓடியதைக் கேட்டாயே. அதனால்தான் எழுதி, குலசேகரம் நெட் கடையில் ஸ்கேன் பண்ணி அனுப்பச் சொல்லி அப்பாவிடம் கொடுக்கிறேன்.

நான் எல்லாவற்றையும் டயரியில் குறித்து வைக்கிறவள் என்று உனக்குத் தெரியும். கடல் தாண்டிப் படிக்கப் போன நீ அக்டோபரில் ஐந்து தடவை கூப்பிட்டாய். ஐந்திலும் உன் மரநோய் ஆராய்ச்சிக்குத் தன் பீச் பழத்தோட்டத்தைத் திறந்துவிட்ட அந்த ஊர் மார்த்தா. மார்த்தாவின் தோட்டம், மார்த்தா சுட்ட ரொட்டி, உனக்குக் காய்ச்சல் வந்தபோது மார்த்தா காரில் கொண்டுவந்த சூப்பு. நாலாவது தடவை பேசியதில் அவள் பேர் பதினொன்று வந்தது, நான் சாப்பிட்டேனா என்று நீ கேட்டது ஒன்று. எண்ணியது தப்புதான் மக்கா, ஆனாலும் எண்ணினேன். அப்புறம் உன்னோடு படிக்கிற அந்தத் தக்கலைப் பிள்ளை லீவுக்கு வந்தபோது நீ கொடுத்துவிட்ட பீச் ஜாம் குப்பியைத் தந்துவிட்டுப் போனாள். அதில் மார்த்தா கைப்பட ஒட்டியிருந்த சீட்டை டிக்ஷனரி வைத்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லாய்ப் படித்தேன். பிரிஜாவின் இன்னொரு அம்மாவிடமிருந்து என்று இருந்தது. 

அந்தக் குப்பி அடுக்களையில் இருந்தால் என் கண்ணில் படும் என்று, ஞாயிற்றுக்கிழமை அறுப்பின் பண்டிகைக்குக் காணிக்கையாகக் கொண்டுபோய் வைத்துவிட்டேன். நம்ம சபையில் காணிக்கைப் பொருளெல்லாம் ஆராதனை முடிந்து ஏலத்துக்கு வரும் என்பது எனக்குத் தெரியாதா, தெரிந்தேதான் வைத்தேன். செவ்வாழைக்குலை போயிற்று, சேவல் போயிற்று, குப்பி வந்தது. அடுத்த வீட்டு ஜெயபாய் எடுத்துத் திருப்பிப் பார்த்து, எலிசா மைனி, உனக்க மவளுக்கு அங்க வேற அம்மை கெடைச்சாச்சு போல என்று எல்லார் காதிலும் விழும்படி சொல்லிவிட்டு ஏலம் கேட்டாள். அவள் வீட்டில் உட்கார்ந்து அவள் அதை நக்குவாளா என்று எனக்கு ஒரு வெப்ராளம், ஒரு எரிச்சல், நானும் கேட்டேன். அவள் ஏற்ற நான் ஏற்ற, பாஸ்டர் ஐயா வரைக்கும் சிரிக்கிறார். அப்பா என் சேலை முந்தியைப் பிடித்து இழுத்து, நீயே குடுத்துட்டு நீயே கேக்கியா, உனக்கு வட்டாட்டி, பைத்தியமா என்கிறார். கடைசியில் நான்தான் எடுத்தேன். என்ன விலைக்கு என்று எழுதமாட்டேன், ஆண்டவருக்குத்தானே போயிற்று.

இனி பண்டிகைக்கு முந்தின வியாழக்கிழமை விஷயம். மார்த்தாவின் அடுக்களை வாசலில் நிற்கிற மரம், தோட்டத்திலேயே நல்ல மரம் என்று அவள் பெருமையாகக் காட்டிய மரம், அதற்குத்தான் நோய் என்று டெஸ்டில் வந்துவிட்டது, எப்படியம்மா சொல்லுவேன் என்று கேட்டாய். நோய் வந்தால் மரம் வாடும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். இந்த பாக்டீரியா வந்தால் மரம் குட்டையாகி, இலை கரும்பச்சையாக அடர்ந்து, மற்ற மரங்களுக்கு முந்திப் பூத்து, கண்படுகிற மாதிரி நிற்கும், பழம்தான் வருஷா வருஷம் சிறுத்துக்கொண்டே போகும் என்று நீ சொன்னாய். டெஸ்ட் என்றால், வேரில் ஒரு துண்டை எடுத்து அரைத்து, அந்தக் கிருமியின் ஜீனில் மட்டும் இருக்கிற பகுதியைத் தேடுவது, இருந்தால் அது மிஷினில் கோடியாகப் பெருகிக் காட்டிக்கொடுக்கும், இல்லாவிட்டால் ஒன்றும் பெருகாது. பாலில் உறைமோர் ஒரு சொட்டு விழுந்ததா இல்லையா என்று காலையில் பானையைத் திறந்தால் தெரிகிற மாதிரி என்று நான் புரிந்துகொண்டேன். மருந்து கிடையாது, டிசம்பரில் பிடுங்கித்தான் ஆக வேண்டும், அதனால் கிறிஸ்துமஸுக்கு அவளோடு இருக்கட்டுமா என்றாய். எனக்கு உள்ளே முதலில் வந்தது என்ன தெரியுமா, சந்தோஷம். போகட்டும் அவள் மரம் என்று. அதோடு, நீ எதுக்குச் சொல்லணும், உனக்க புரொபசர் சார் சொல்லட்டும் என்று போனை வைத்துவிட்டேன். அன்று மாலை ஜெபக்கூட்டத்தில் ஜெபிக்கச் சொன்னார்கள், பக்கத்தில் இருந்தவளை ஜெபிக்கச் சொல்லிவிட்டேன். வெளியே பார்த்தால் நானும் நன்றாகத்தான் இருந்தேன், புதுச்சேலை, கையில் வேதப்புத்தகம்.

பிள்ளே, சாரை அனுப்பாதே, நீயே போ. போனில் சொல்லாதே. அவள் தருவதை முதலில் சாப்பிடு, பிறகு உட்காரவைத்துச் சொல்லு. ஏதோ பூச்சி கொண்டுவந்தது, உங்கள் வளர்ப்பில் குறை இல்லை என்பதை இரண்டு தடவை சொல்லு, ஒரு தடவை சொன்னால் மனசில் நிற்காது. ஒரு மரத்தைக் கொடுத்தால் மற்ற மரங்கள் பிழைக்கும் என்று கணக்கைக் காட்டு. பிடுங்குகிற அன்றைக்கு அவளைத் தனியே விடாதே. கிறிஸ்துமஸுக்கு இங்கே வர வேண்டாம், அவளோடு இரு. ஸ்டாரை அப்பா கட்டுவார், முந்திரிக்கொத்து நான் சுட்டு அனுப்புகிறேன், அவளுக்கும் சேர்த்து.

இன்று காலை குப்பியைத் திறந்து தோசைக்குத் தொட்டுப் பார்த்தேன். நன்றாக இருக்கிறது. நான் கிண்டுகிற அன்னாசிப்பழ ஜாம் அளவுக்கு இல்லை.

ஆண்டவர் உன் கையின் வேலையை ஆசீர்வதிப்பாராக. தலைக்கு எண்ணெய் வை, குளிரில் வெறுங்காலோடு நடக்காதே. ஒன்று மறக்காதே. அவளுக்கு அறுபத்தொன்று என்றாயே, எனக்கு ஐம்பத்திரண்டுதான். என்னைவிட மூத்தவள். பெரியம்மை என்று கூப்பிடு, அந்தச் சொல்லை அவளுக்கும் சொல்லிக்கொடு. அடுத்த குப்பியில் அப்படியே எழுதட்டும்.

உன் ஒரே அம்மை,
எலிசா ஞானையன்