சிவகௌரி என்னைத் தொடவில்லை

12 செப்டெம்பர் 2006, செவ்வாய். ஹம் நகரம், ஜெர்மனி.

சிவகௌரி என் முதுகை முறிக்கவில்லை. என் முதுகைக் குணப்படுத்தவும் இல்லை. அவள் என்னைத் தொடவே இல்லை.

இதை முதலில் எழுதிவைக்கிறேன். இன்று கலாதேவியின் கடைக்குக் கறிவேப்பிலை வாங்கப் போனபோதுதான் ஊரில் இரண்டு கட்சி இருப்பது தெரிந்தது. கலாதேவி என்னைக் கண்டதும், "என்ன யோசப்பின் அக்கா, நடந்து வாறியள்? உங்களை அந்தப் பிள்ளை திருகிப் படுக்கையில போட்டுட்டுதெண்டெல்லோ சனம் கதைக்குது" என்றாள். மீன் பெட்டிக்குப் பக்கத்தில் நின்ற ஒருவர், "சீச்சீ, படுக்கையில கிடந்தவவை ஒரே திருகலில எழுப்பினதாம். பேப்பரிலயே போட்டிருக்கு" என்றார். என்னை நடுவில் நிறுத்திவைத்துக்கொண்டே என்னைப் பற்றி வாதாடினார்கள். "இரண்டும் பிழை" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

பேப்பரில் போட்டது என் மகன் பேனாட். என்னைக் கேட்கவில்லை. இங்கே மாதம் ஒருமுறை வரும் தமிழ் விளம்பரப் பத்திரிகையில், கட்டம் கட்டி, என் படத்தோடு. அதுவும் கடவுச்சீட்டுக்கு எடுத்த படம். 'நன்றி நவிலல். முதுகு நோவால் துன்புற்ற எமது அன்புத் தாயாரைத் தன் பொற்கரம் பட்ட மாத்திரத்தில் எழுந்து நடக்கவைத்த டொக்டர் சிவகௌரி அவர்களுக்கு எமது இதயம் கனிந்த நன்றிகள்.'

பொற்கரம் படவில்லை. பட்ட மாத்திரத்தில் நான் எழுந்து நடக்கவில்லை. கோடை முழுவதும் இடுப்புப் பட்டியோடு கிடந்தேன். அவள் டொக்டரும் இல்லை. ஒரே வாக்கியத்தில் இத்தனை பொய். நான் வேலை செய்த அரச பணிமனையில், யாழ்ப்பாணக் கச்சேரியில், என் மேசைக்கு இப்படி ஒரு கடதாசி வந்திருந்தால் சிவப்பு மையோடு திரும்பிப் போயிருக்கும்.

15 செப்டெம்பர், வெள்ளி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

யூன் மாதம் யன்னல் சீலையைக் கழற்றக் கையை உயர்த்தினேன். முதுகில் வெட்டினாற்போல ஒரு வலி. குடும்ப வைத்தியர் ஊசி போட்டு, "வயது" என்றார். எலும்பு வைத்தியரைச் சந்திக்க நாள், இங்கே சொல்வதுபோல டெர்மின், செப்டெம்பரில்தான் கிடைத்தது. பேனாட் பொறுக்கவில்லை. "இங்கிலாந்தில ஐஞ்சு வருசம் இதைத்தானம்மா படிச்சது. ஒரு திருகல், சரியாயிடும்" என்று சிவகௌரி வீட்டுக்குக் கூட்டிப்போனான்.

அவள் படித்தது கைரோபிராக்டிக். முள்ளந்தண்டையும் மூட்டுகளையும் கையால் சீராக்கும் படிப்பு. இங்கிலாந்தில் அந்தத் தொழிலுக்கென்று சட்டமே உண்டு, பதிவேடு உண்டு. அவள் பெயர் அதில் இருக்கிறது. கலியாணம் முடித்து இங்கே வந்தாள். இந்த நாட்டின் சட்டத்துக்கு அப்படி ஒரு தொழில் இருப்பதே தெரியாது. வைத்தியர் அல்லாதவர்கள் வைத்தியம் பார்ப்பதற்கு 'ஹைல்பிரக்டிகர்' என்று ஓர் அனுமதி உண்டு. மூலிகை கொடுப்பவர் எழுதும் அதே பரீட்சையை அவளும் எழுதி அதைப் பெறவேண்டும். பெறாமல் நோயாளியைத் தொட்டு வைத்தியம் செய்தால் குற்றம்.

அன்று எனக்கு இது ஒன்றும் தெரியாது. வலிதான் தெரிந்தது. அவள் இரண்டு கைகளையும் மடியில் கோத்து வைத்துக்கொண்டு கேள்வி மேல் கேள்வி கேட்டாள். எப்போது, எங்கே, இரவில் எப்படி, மாதவிலக்கு எந்த வயதில் நின்றது. பிறகு ஒரு கேள்வி:

"அன்ரி, இந்த ரெண்டு வருசத்தில உங்களுக்குச் சீலை நீளமாப் போச்சுதோ?"

ஓம். காலில் தடக்கத் தொடங்கியிருந்தது. உள்பாவாடையை மல்லிகா சரியாகத் தைக்கவில்லை என்று மருமகளைப் பல தடவை ஏசியிருக்கிறேன்.

"சீலை நீளேல்லை அன்ரி. நீங்கள் கட்டையாப் போனியள்."

மடத்துப் பள்ளியில் மதர் முதுகில் அடிமட்டம் வைத்துப் பார்த்த காலத்திலிருந்து நான் ஒருநாளும் கூனியதில்லை. கோபம் வந்தது. "ஐஞ்சு வருசம் படிச்சது கையைக் கட்டிக்கொண்டு இருக்கவோ?" என்று கேட்டேன்.

"என்ர கைக்கு இந்த நாட்டில அனுமதியும் இல்லை, காப்புறுதியும் இல்லை. ஆனா ரெண்டும் இருந்தாலும் இண்டைக்கு உங்களைத் தொடமாட்டன். எழும்புங்கோ, ஆஸ்பத்திரிக்குப் போவம்."

அன்றே படம் எடுத்தார்கள். ஒரு முள்ளெலும்பு நசுங்கிப்போயிருந்தது. எலும்பு தேய்ந்த கிழவிகளுக்கு வருவதாம். இளம் வைத்தியர் படத்தை வெளிச்சத்தில் பிடித்து, "இதை யாராவது திருகியிருந்தால் —" என்று தொடங்கினார், முடிக்கவில்லை. சிவகௌரி சுவரோரம் நின்றாள். மொழிபெயர்க்க வந்தவள் போல நின்றாள்.

பேப்பரில் போட வேண்டியது இது.

21 செப்டெம்பர், வியாழன்

யாரோ அந்த விளம்பரத்தைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து, முத்திரையோடு சுகாதாரப் பணிமனைக்கு அனுப்பிவிட்டார்கள். அனுமதியில்லாமல் வைத்தியம் செய்தது, டொக்டர் பட்டம் போட்டுக்கொண்டது, இரண்டுக்கும் விளக்கம் கேட்டுச் சிவகௌரிக்குக் கடிதம் வந்திருக்கிறது. பரீட்சை ஒக்டோபரில். பரீட்சையில் தேறினாலும் 'நம்பகமற்றவர்' என்று தீர்ந்தால் அனுமதி இல்லை. இப்போது இல்லை என்றால் எப்போதும் இல்லை என்றுதான் அவள் கணவன் சொல்கிறான்.

பேனாட்டைக் கூப்பிட்டு நிறுத்தினேன். நாற்பத்தேழு வயது. பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி நின்றான்.

"மரியாதைக்குப் போட்டதம்மா. டொக்டர் எண்டு போடாமல் வேறென்னெண்டு போடுறது?"

"அவளின்ர பேரைப் போட்டிருக்கலாம்."

"வெறும் பேரையோ? நாலு சனம் என்ன சொல்லும்?"

அவனை ஏசியும் பலனில்லை. அவன் எழுதும்போது நான் பக்கத்தில் இருந்திருந்தால் 'பொற்கரம்' என்பதை மட்டும் வெட்டி, டொக்டரை விட்டிருப்பேனோ? இல்லை. அதையும் வெட்டியிருப்பேன்.

24 செப்டெம்பர், ஞாயிறு

பூசைக்குப் பிறகு சிவகௌரி வந்தாள். முறைப்பாடு செய்தது யார் என்று நான் விசாரிக்கப் போவதாகச் சொன்னேன்.

"தேடாதேங்கோ அன்ரி. அவை கேட்டது சரியான கேள்வி. அனுமதி இல்லாமல் தொட்டவளோ எண்டு ஆரும் கேக்கத்தானே வேணும்? நாளைக்கு வேற ஆரும் அப்பிடித் தொட்டால் நானும் கேப்பன்."

முப்பது வயது ஆகவில்லை. தன்னைக் கவிழ்க்க வந்தவரின் கேள்வியைச் சரி என்கிறாள்!

3 ஒக்டோபர், செவ்வாய்

இன்று விடுமுறை. கலாதேவி பலகாரத்தோடு வந்து யோசனையும் கொடுத்தாள். "ஏன் இந்தக் கரைச்சல்? மசாஜ் எண்டு பலகை போடச் சொல்லுங்கோ அக்கா. உடம்புக்குச் சுகம் எண்டு போட்டால் ஒருத்தரும் கேக்கமாட்டினம். உள்ளுக்கை என்னத்தைத் திருப்பினால் ஆருக்குத் தெரியும்?"

சிவகௌரியிடம் தொலைபேசியில் சொன்னேன். சிரித்தாள். "கனபேர் சொல்லிட்டினம் அன்ரி. மசாஜ் எண்டு சொல்லிக் கழுத்தைத் திருப்பினால், பிழைச்சால் அந்தச் சனத்துக்கு ஒரு காப்புறுதியும் வராது. நான் ஒளிச்சுச் செய்யிறதுக்குப் படிக்கேல்லை."

அவள் மேசையில் இப்போது தொற்றுநோய்ச் சட்டம். அம்மை, காசநோய், எந்த நோயை எத்தனை மணி நேரத்துக்குள் அறிவிக்க வேண்டும் என்பது. முள்ளந்தண்டைப் பற்றி ஏறக்குறைய ஒன்றும் கேட்கமாட்டார்களாம். அவள் மக்கள் நலனுக்கு ஆபத்தானவளா என்பதை மட்டும் பார்ப்பார்களாம். முணுமுணுக்காமல் பாடம் பண்ணுகிறாள்.

11 ஒக்டோபர், புதன்

பரீட்சை. அவளுக்காக ஒரு செபமாலை சொன்னேன். சைவப் பிள்ளைக்குச் சொல்லலாமா என்று யோசித்துவிட்டுச் சொன்னேன்.

26 ஒக்டோபர், வியாழன்

சுகாதாரப் பணிமனைக்குப் போய் வந்தேன். நானாகவே டெர்மின் கேட்டேன். பேனாட் வாசலில் இருக்க, தனியாக உள்ளே போனேன். என் ஜெர்மன் மெதுவானது. ஆனால் முடிக்காமல் நான் எழும்பமாட்டேன்.

வைத்திய அதிகாரி திருமதி லின்டமான். கண்ணாடியைக் கயிற்றில் கட்டியவர், நேரத்தை வீணாக்காதவர். எனக்குப் பிடித்தது. யூனில் நடந்ததைச் சீலைக் கேள்வியிலிருந்து படம் எடுத்தது வரை சொன்னேன். மேசையில் அந்த மொழிபெயர்ப்பு. ஒவ்வொரு சொல்லாகப் பார்த்தேன். ஒரு பிழையும் இல்லை. அதுதான் சங்கடம்.

பையிலிருந்து அதே பத்திரிகையை எடுத்து அதே பக்கத்தை விரித்தேன். மண்டபத்துக்குப் பூச் சோடித்தவர் 'அலங்கார வேந்தர்'. கேக் செய்து கொடுத்த பெண் 'இனிப்புலகின் பேரரசி'. கீழே ஒரு மரணத்துக்கு நன்றி நவிலல்: நேரில் வந்தவர், மலர்வளையம் வைத்தவர், உணவு தந்தவர், எல்லோருக்கும். "இதே வசனம் எல்லாச் சாவீட்டுக்கும் வரும். ஒருவரும் மலர்வளையம் வைக்காவிட்டாலும் வரும்" என்றேன். "இந்த நகரத்தில் எங்களுக்கு ஒரு வேந்தர் இருக்கிறார், அம்மையார். பூக்கடை வைத்திருக்கிறார். அவர்மேலும் முறைப்பாடு வந்ததா?"

அவர் வாய் துடித்தது, சிரிக்கவில்லை. "வேந்தர் என்று சொல்வதால் யாரும் முடமாகமாட்டார்கள்" என்றார். உண்மைதான். தலையசைத்தேன்.

பிறகு கேட்டார்: "தொடாத கை தொட்டது என்று உங்கள் மகன் ஏன் எழுதினார்?"

இதற்கு நான் ஆயத்தமாகப் போகவில்லை. பத்திரிகையை மடித்துப் பையில் வைத்தேன். பிறகு சொன்னேன்: "செய்ததற்கு நன்றி சொல்ல எங்களிடம் எத்தனையோ வசனம் இருக்கிறது. செய்யாமல் விட்டதற்கு ஒரு வசனமும் இல்லை. அவனுக்கு இருந்த வசனத்தில் அவன் போட்டான்."

அவர் எழுதிக்கொண்டார். என் எக்ஸ்ரே படத்தையும் ஆஸ்பத்திரி அறிக்கையையும் பிரதி எடுத்தார். 'சிவகௌரி என் உடலில் கைவைக்கவில்லை. தன்னை டொக்டர் என்று சொல்லவும் இல்லை' என்று நான் வாக்குமூலம் எழுதிக் கையொப்பம் இட்டேன். எழும்பும்போது, "உங்கள் சீலைக் கேள்வி நல்ல கேள்வி" என்றார்.

"என் கேள்வி இல்லை. அவளுடையது."

வெளியே வந்ததும் பேனாட், "அம்மா, என்னைப் பற்றி ஏதும் சொன்னனீங்களோ?" என்றான். "உண்மையைச் சொன்னேன்" என்றேன்.

9 நவம்பர், வியாழன்

தபாலில் ஒன்றும் இல்லை.

23 நவம்பர், வியாழன்

சிவகௌரி தொலைபேசியில் கடிதத்தை வாசித்தாள். விசாரணை முடிந்தது, மேலும் நடவடிக்கை இல்லை. 'டொக்டர்' என்ற சொல்லை அவளோ அவளுக்காக வேறெவருமோ விளம்பரத்தில் பாவிக்கக் கூடாது. எழுத்துப் பரீட்சையில் தேறியிருக்கிறாள். வாய்மொழிப் பரீட்சை டிசம்பரில்.

'வேறெவருமோ' என்பதைப் பேனாட்டுக்கு இரண்டு தடவை வாசித்துக் காட்டினேன்.

14 டிசம்பர், வியாழன்

வாய்மொழிப் பரீட்சை. எப்படி என்று கேட்டேன். "கேட்டதெல்லாம் எப்ப தொடக்கூடாது எண்டுதான் அன்ரி. அதுக்கு நான் நிப்பாட்டாமல் கதைச்சன். கடைசியில அவைதான் போதும் எண்டவை."

24 சனவரி 2007, புதன்

அனுமதி வந்துவிட்டது. அதே வாரத்தில் தொழிற் காப்புறுதியும் கையொப்பமானது. இந்த நாட்டில் அவள் கைக்கு இப்போதுதான் பொறுப்பு ஏற்க ஆள் இருக்கிறது.

ஆனால் பலகையில் ஹைல்பிரக்டிகர் என்பதன் பெண்பாலான 'ஹைல்பிரக்டிகரின்' என்றுதான் பெரிதாகப் போட வேண்டுமாம். ஐந்து வருடம் படித்ததன் பெயரை அதன் கீழே செய்முறையாகச் சின்ன எழுத்தில் போடலாமாம். எனக்குத் தாங்கவில்லை. அவள் சொன்னாள்: "கதவு திறந்தால் போதும் அன்ரி. பேர் பிறகு வரட்டும். எங்கட கைரோபிராக்டர் சங்கம் அரசாங்கத்தைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கு."

பேனாட் வாழ்த்து விளம்பரம் போட வந்தான். இம்முறை எனக்கு முன்னால் இருந்துதான் எழுதினான்.

"'பொற்கரம்' எண்டதையாவது போட விடுங்கோவன் அம்மா."

"தேவையில்லை."

பெயர், விலாசம், திறக்கும் நேரம். அவன் முகம் விழுந்துவிட்டது. "சாவறிவித்தல் மாதிரி இருக்கு" என்றான். மல்லிகா சமையலறையிலிருந்து, "சாவறிவித்தலில இதைவிடக் கனக்க எழுதுவினம்" என்றாள். மூவரும் சிரித்தோம்.

6 மார்ச், செவ்வாய்

இன்று தொட்டாள்.

ரயில் நிலையத்துக்குப் பின்னால் சின்ன அறை, சுத்தம். கலாதேவி எனக்கு முன்பே போய் வந்துவிட்டாள், இப்போது கடையில் அவள்தான் பெரிய சாட்சி. சிவகௌரி என் புதிய படங்களைப் பார்த்தாள், எலும்பு வைத்தியரின் குறிப்பை வாசித்தாள். நசுங்கிய இடத்துக்கு இன்னும் கிட்டவே போகவில்லை. கழுத்தும் தோளும் மட்டும். திருகவும் இல்லை. கேட்டுக் கேட்டு, மெல்ல அழுத்தினாள். கோவிலுக்குள் போகிறவள் போல முதலில் கையைக் கழுவிச் சூடாக்கிக்கொண்டாள். இறுகித் தூக்கி நின்ற வலது தோள் இத்தனை மாதத்துக்குப் பிறகு கீழே இறங்கியது. கண்ணில் நீர் வந்தது. வலியால் என்று சொல்லிவிட்டேன்.

இந்தக் கட்டணத்தைக் கேட்டு என் நோய்க் காப்புறுதி நிறுவனத்துக்கு எழுதப்போகிறேன் என்றேன். "வேண்டாம் அன்ரி, ஏலாது எண்டுதான் எழுதுவினம்." ஏலாது என்பதையும் எழுத்தில் வாங்கிவைக்க வேண்டும். அது இல்லாமல் அவளுடைய சங்கம் எதைக் காட்டிக் கேட்கும்? நாளை ஜெர்மனில் மாற்றி அனுப்ப, கடிதத்தை இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

மதிப்புக்குரியீர்,

நான் உங்கள் உறுப்பினர். கழுத்துக்கும் தோளுக்கும் திருமதி சிவகௌரியிடம் சிகிச்சை பெறுகிறேன். அவர் பல்கலைக்கழகத்தில் கற்ற கைரோபிராக்டர். இந்நாட்டின் அனுமதியும் பெற்றவர். உங்கள் விதிகளில் அவர் தொழிலுக்கு இடமில்லை என்று அறிகிறேன். சென்ற யூனில் அவர் என்னைத் தொட மறுத்து உரிய இடத்துக்கு அனுப்பியதால்தான் இந்தக் கடிதத்தை நான் நிமிர்ந்து உட்கார்ந்து எழுதுகிறேன் என்பதையும் அறியத் தருகிறேன். கட்டணத்தை மறுப்பதானால், எந்த விதியின்படி என்பதைக் காட்டி, அவருடைய தொழிலை அதன் சரியான பெயரால் குறிப்பிட்டு மறுக்கவும்.

தொலைபேசியில் அழைக்க வேண்டாம். பதிலை எழுத்தில் அனுப்பவும்.