வெள்ளிக்கிழமை விடிகாலை இரண்டு பத்து

புந்தோங், ஈப்போ
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள நவமணிக்கு,

நான் நலம். டப்ளினில் நீயும் நம் மகள் குமுதாவும் பேரனும் நலமாக இருக்க மாரியம்மன் துணை. போனில் பேசும்போது குமுதா பக்கத்திலேயே இருக்கிறாள். சொல்ல வேண்டியதைச் சொல்ல முடிவதில்லை. அதனால்தான் கடிதம்.

இங்கே ஒரே மழை. சோறு நானே பொங்குகிறேன், பாதி நாள் குழைந்துவிடுகிறது. எதிர்வீட்டு கார்த்திகேசு அண்ணன் தினமும் வந்து உன் பயணக் கதையைக் கேட்கிறார். கோலாலம்பூரிலிருந்து டப்ளின் ஏறக்குறைய பதினோராயிரம் கிலோமீட்டர் என்றேன். தோஹா வரை ஏழரை மணி நேரம், அங்கே மூன்று மணி நேரம் காத்திருப்பு, பிறகு இன்னும் எட்டு மணி நேரம். ஈப்போவுக்கும் தெலுக் இந்தானுக்கும் முப்பது வருஷம் பஸ் ஓட்டிய எனக்கே தலை சுற்றுகிறது. சுங்காய் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிய நீ, முதல் தடவை விமானம் ஏறி, தோஹாவில் கேட் மாறியதைக்கூடப் பலகையில் எண்ணைப் பார்த்துக் கண்டுபிடித்தாயாமே. "ஒன் வீட்டுக்காரி லேசுப்பட்ட ஆளு இல்ல லா" என்கிறார் அண்ணன். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஆனால் உள்ளே குத்துகிறது நவமணி. டிக்கெட்டில் வெள்ளிக்கிழமை விடிகாலை இரண்டு பத்து என்று இருந்தது. வியாழன் இரவே போக வேண்டாமா என்று நீ கேட்டாய். பஞ்சாங்கப்படி சூரியன் உதித்தால்தான் வெள்ளி பிறக்கும், ஆகவே வெள்ளி இரவு கழிந்து வரும் இரண்டு பத்துதான் என்று நான் சாதித்தேன். உனக்கென்ன தெரியும் என்றும் கேட்டேன். வெள்ளி இரவு பத்து மணிக்கு நாம் விமான நிலையத்தில் போய் நின்றபோது, அந்த விமானத்தில் போனவர்கள் டப்ளினில் இறங்கியே இருப்பார்கள்.

நான் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டேன். நீதான் கவுண்டரில் இருந்த பெண்ணிடம் மலாயில் நிதானமாகப் பேசி மறுநாளுக்கு இடம் வாங்கினாய். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. "அழுவாதீங்க, நா போய்ச் சேந்துருவேன்" என்றாய்.

நீ இறங்குவதற்கு மூன்று மணி நேரம் முன்பே பிள்ளை பிறந்துவிட்டது. மாப்பிள்ளையும் வேலையாக வெளிநாட்டில். பிரசவ அறையில் குமுதாவுக்குப் பிடித்துக்கொள்ள ஒரு சொந்தக் கை இல்லை. நேற்று போனில், அம்மா தேதியைத் தப்பாகப் பார்த்துவிட்டார்களாமே என்று என்னைக் கேட்டாள். கோபம் தீரவில்லை என்று குரலிலேயே தெரிந்தது. நீ பழியை ஏற்றுக்கொண்டது அப்போதுதான் எனக்குத் தெரியும். நான் "ம்" என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். உன் தைரியத்தில் கால்வாசி எனக்கு இல்லை.

குளிருக்குக் காதைக் கட்டிக்கொள். பேரனுக்கு என் ஆசீர்வாதம்.

உன் கையில் கொடுத்தால் இந்தக் கடிதத்தை ஒளித்துவைத்துவிடுவாய். அதனால் உறைமேல் குமுதாவின் பெயரை எழுதியிருக்கிறேன். அவள்தான் முதலில் படிப்பாள்.

குமுதா, தப்பு அப்பாவுடையது. அம்மாவிடம் போய்ப் பேசும்மா.

மாயாண்டி