ஸ்கூட்டி சாவி கிடைத்துவிட்டது

உப்பு உற்பத்தியாளர் சங்கச் செயலாளர் அவர்களுக்கு, வீட்டம்மா கலைமதி எழுதுவது.

உங்கள் பொன்னாடைகளுக்கு அடியில் ஒளித்துவைத்த ஸ்கூட்டி சாவியை எடுத்துக்கொண்டேன். மொத்தமே மூன்று பொன்னாடை, தேட நேரமாகவில்லை.

கர்ப்பப்பை ஆபரேஷன் முடிந்து இன்றோடு ஆறு வாரம். திங்கட்கிழமை தையலைப் பார்த்த டாக்டரம்மா, "குனிஞ்சு நிமிர்ந்தாலும் வாய்விட்டுச் சிரிச்சாலும் வயிறு வலிக்கலைன்னா வண்டி ஓட்டும்மா" என்றார். "மூணு மாசம் ஆவட்டும்" என்றது நீங்கள்தான். நீங்கள் எந்தக் காலேஜில் டாக்டருக்குப் படித்தீர்கள்?

குனிந்து வாசல் பெருக்கினேன், வலிக்கவில்லை. நேற்று கண்ணாடி முன்னால் நின்று, "திரண்டிருக்கும் மாபெரும் கூட்டமே" என்று பேசிப் பழகினீர்களே. இன்றைய சங்கக் கூட்டத்துக்கு வரப்போவது பதினோரு பேர். சமையல்கட்டில் விழுந்து விழுந்து சிரித்தேன். சுருக்கென்றுகூட இல்லை.

ஆறு வாரமாக நம் உப்புப் பாத்தியைப் பார்க்காமல் பைத்தியம் பிடிக்கிறது. இன்றைக்கு உப்பு வாருகிறார்கள், போகிறேன். கோபம் இருந்தால் சாப்பிட்டுவிட்டுக் கோபப்படுங்கள். மீன்குழம்பு சட்டியில். பூனை வரும், மூடிமேல் கல் வைத்திருக்கிறேன். வெளியே போனால் வீட்டுச் சாவியைப் பக்கத்து வீட்டுப் பாஞ்சாலை அக்காவிடம் கொடுங்கள்.

பி.கு.: கூட்டத்துக்கு நானே கூட்டிப்போகிறேன், ஐந்து மணிக்குத் தயாராக இருங்கள். பின்னால் உட்கார்ந்து என் இடுப்பைப் பிடித்துக்கொள்ளலாம். அதையும் டாக்டரம்மாவிடம் கேட்டுவிட்டேன்.