சவர் ஏறிய கிணறு

புத்தூர்,
கார்த்திகை 3.

அன்புள்ள மகள் ஆரபிக்கு,

நகுலேஸ்வரர் கிருபையில் நான் சுகமாயிருக்கிறேன், முழங்கால் வலி மட்டும் வந்து போகிறது. ஒஸ்லோவில் குளிர் தொடங்கியிருக்கும், நீயும் மருமகனும் நெஞ்சை மூடிக்கொண்டு திரியுங்கள். போனில் நீ கேட்டபோதெல்லாம் வெங்காயம் நல்லாயிருக்கு என்றேன். அது பொய் பிள்ளை. உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல வெட்கமாயிருந்தது, அதனால்தான் எழுதுகிறேன்.

ஆனியிலேயே வெங்காயத் தாளின் நுனி கருகத் தொடங்கிவிட்டது. தண்ணீர் காணாதென்று நினைத்து, நாலு நாளைக்கு ஒருக்கால் இறைத்ததை ஒன்றுவிட்ட நாள் ஆக்கினேன். நாற்பது வருடத் தோட்டக்காரனுக்கு வந்த புத்தியைப் பார். இறைக்க இறைக்கக் கருகல் கீழே இறங்கியது. அப்போதுதான் பக்கத்து வளவுப் பராசக்தி, கோயிலால் வந்த களைப்பில், என்னிடம் தண்ணீர் கேட்டாள். ஒரு மிடறு வாயில் வைத்தவள் முற்றத்தில் துப்பிவிட்டு, என்ன அண்ணை, கிணறு சவராய்க் கிடக்கு, இதை எப்பிடிக் குடிக்கிறியள் என்று கேட்டாள். நான் தினமும் அதில்தான் தேத்தண்ணி வைக்கிறேன், எனக்குத் தெரியவில்லை. கொஞ்சம் கொஞ்சமாய் உப்பு ஏறியதில் நாக்குப் பழகிவிட்டது. அம்மா இருந்திருந்தால் முதல் நாளே சொல்லியிருப்பாள். அவள் போய்ப் பதினாலு மாதமாய் நம் கிணற்றில் என்னைத் தவிர ஒருவரும் தண்ணீர் குடிக்கவில்லை என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

விவசாயப் போதனாசிரியர் மதுரா, உன்னிலும் சின்னப் பிள்ளை, வந்து பார்த்தாள். நிலாவரைக் கிணறு மாதிரித்தான் ஐயா, மேலை நல்ல தண்ணி, அடியிலை சவர், மோட்டரைக் கனநேரம் விட்டால் சவர் மேலை வந்திடும் என்றாள். வேர் தண்ணீரை உறிஞ்சும்போது கரைந்த உப்பும் கூடவே போகுமாம். தண்ணீர் இலையால் ஆவியாகிவிடும், உப்புக்குப் போக வழியில்லை, நுனியில் தங்கி எரிக்குமாம். மண்ணில் உப்புக் கூடினால் பாத்தி ஈரமாயிருந்தும் வேரால் குடிக்க இயலாதாம். விடாய்த்து நின்ற பயிருக்கு நான் இன்னும் இன்னும் உப்பையே ஊற்றியிருக்கிறேன்.

இப்போது பத்து நாளாய் நல்ல மழை. மண்ணில் உள்ள உப்பைக் கழுவிக்கொண்டு போகுமாம், கிணறும் தேறினால் தையில் நடலாம் என்கிறாள். உப்பு அளக்கிற கருவி கொண்டுவந்து பார்ப்பாளாம், பார்க்கட்டும். காலையில் ஒரு வாளி அள்ளிக் குடித்தேன், நல்ல தண்ணீர் போலத்தான் இருக்கிறது, ஆனால் என் நாக்கை நான் இனி நம்பமாட்டேன். நீ குடித்து வளர்ந்த தண்ணீர், உனக்குத் தெரியும். பொங்கலுக்கு லீவு கேட்டுப் பார் அம்மா. தனிய இருக்க எனக்குக் கஷ்டமாயிருக்கிறது.

இரண்டு பேரும் நோய்நொடியில்லாமல் நீடு வாழ வேண்டும். ஒன்றை மறந்துவிடாதே, வந்ததும் முதலில் வெறும் தண்ணீர், தேத்தண்ணி பிறகுதான்.

அன்பு அப்பா,
மார்க்கண்டு