கீழே விழுந்த புத்தகம்

புரூக்ளின்,
வியாழக்கிழமை காலை

அன்புள்ள பெய்லா அக்காவுக்கு,

தங்கை ஃபைகா எழுதுவது. இங்கே நானும் ஆவ்ரமும் நலம். கடிதம் என்றால் நலம் என்றுதானே தொடங்க வேண்டும், தொடங்கிவிட்டேன். அவருக்கு முழங்கால் வலி. எனக்கு எதைத் தொட்டாலும் அலுப்பு. நாளைச் சாயங்காலம் சபாத் ஓய்வுநாள் தொடங்கிவிடும். அதற்கான ரொட்டிக்கு இன்னும் மாவு பிசையவில்லை.

உன் கண்ணைப் பற்றி உன் மகன் எழுதியிருந்தான். இடது கண் போய்விட்டதாம். வலது கண் அடுத்த கோடை வரை தாங்கினாலே பெரிது என்று டாக்டர் சொன்னாராம். நீ ஒரு வார்த்தை எழுதவில்லை. ஹைஃபாவுக்குப் போன நாளிலிருந்து நீ இப்படித்தான், ஆரஞ்சு விலையும் பேரன் பல் முளைத்ததும் மட்டும் தபாலில் வரும். எனக்குக் கோபம் கோபமாக வருகிறது. கோபித்துக்கொள்ளக்கூடத் தெம்பில்லை.

பிள்ளைகளுக்கான என் புதுப் புத்தகம் நம்மைப் பற்றியது என்று முன்பே எழுதியிருந்தேன். "இத்தனை புத்தகம் எழுதிட்டே, அதுல நம்ம வீட்டுப் பிள்ளை ஒண்ணையாவது காட்டுடி பார்ப்போம்" என்று ஒவ்வொரு முறையும் குத்துவாயே, அதற்குத்தான் எழுதினேன். அப்பாவின் ஊறுகாய்க் கடைக்குப் பின்னால் நாம் இரண்டு பேரும் பீப்பாய் மேல் உட்கார்ந்து படித்தது எல்லாம் அதில் இருக்கிறது. அந்தக் கப்பல் கேப்டன் கதையும் இருக்கிறது. கேப்டன் சாப்பிடும் பன்றிக்கறியை எல்லாம், நம் யூத வீட்டுக்கு ஆகாது என்று நீ உப்புமீனாக மாற்றி எனக்கு வாசித்தாய். நானும் நம்பி, பள்ளிக்கூடத்தில் டீச்சரோடு மல்லுக்கு நின்றேன். "கேப்டன் நம்ம ஆளு டீச்சர், அவர் அதெல்லாம் தொடமாட்டார்" என்று நான் சொல்ல, வகுப்பே சிரித்தது. வீட்டுக்கு வந்து உன் முடியைப் பிடித்து இழுத்தேன்.

கடைசிப் பக்கத்தில், புத்தகம் கை தவறிக் கீழே விழுகிறது. சின்னவள் எடுத்து முத்தம் கொடுக்கிறாள். ஜெபப் புத்தகம் விழுந்தால் நாம் செய்வதுதான். நான் நூலகத்துக் கதைப் புத்தகத்துக்கும் அப்படிச் செய்வேனே. "அது என்ன வேதமா, அதுக்குப் போய் முத்தம் கொடுக்கறே?" என்று அப்பா ஒருநாள் கேட்டார். "விழுந்திருக்கு பாவம், விடுங்க" என்று அம்மா சொன்னாள். அதோடு அப்பா கேட்கவில்லை.

பதிப்பகத்தில் அந்தப் பக்கம் வேண்டாம் என்கிறார்கள். மீன் இருக்கலாமாம், சிரிப்பு வருகிறதாம். முத்தம் கூடாதாம். சொன்னவள் லோர்னா கேப்லன், நம்மவள்தான். "எங்க அத்தையும் இப்படித்தாங்க செய்வாங்க. ஆனா மத்த பிள்ளைங்களுக்குப் புரியாது. தூசியைத் தட்டி அலமாரியில வைக்கிற மாதிரி மாத்திடலாமே" என்றாள். மாற்றினால் இந்த வசந்தத்தில் வரும் பெசாக் பண்டிகைக்குள் புத்தகம் வந்துவிடும். இல்லாவிட்டால் வேறு பதிப்பகம் தேட வேண்டும். அது எத்தனை வருடமோ.

நான் உன் கண்ணைத்தான் நினைத்தேன், அக்கா. பண்டிகைக்கு வந்தால் நீயே உன் கண்ணால் படிக்கலாம். தூசி தட்டட்டும், போகட்டும் என்று முடிவே செய்துவிட்டேன். சரி என்று சொல்லத் தொலைபேசியில் கூப்பிட்டேன். லோர்னா இருக்கையில் இல்லை.

அதற்குள் செவ்வாய்க்கிழமை நூலகத்தில் கூப்பிட்டிருந்தார்கள். சின்ன வயதில் பிடித்த புத்தகங்களைக் கொண்டுவந்து பிள்ளைகளிடம் பேச வேண்டுமாம். கேப்டன் புத்தகத்தையும், கோழி வளர்க்கும் பெண்ணின் கதையையும் எடுத்துப்போனேன். கேப்டன் புத்தகத்தின் அட்டையில் இன்னும் ஊறுகாய் வாசனை அடிக்கிறது. பேச்சு நடுவே அது கை நழுவித் தரையில் விழுந்தது. எடுத்தேன், முத்தம் கொடுத்தேன். யோசித்துச் செய்யவில்லை. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "புக்குக்கு அடிபட்டுடுச்சா?" என்று ஒரு வாண்டு கேட்டது. நானும் சிரித்துச் சமாளித்தேன்.

எல்லோரும் போனபிறகு ஒரு சிறுமி மட்டும் என் சட்டை நுனியைப் பிடித்து நின்றாள். ஆறு வயதிருக்கும், முன்பல் இல்லை. "நாங்களும் வீட்டுல இப்படிச் செய்வோம்" என்று காதோடு சொன்னாள். பிறகு, "வெளியில செய்யக் கூடாதுன்னு அம்மா சொல்லியிருக்காங்க. உங்க அம்மா சொல்லலையா?" என்று கேட்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. மேல்கோட்டைத் தேடுவதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

நேற்று லோர்னாவைக் கூப்பிட்டு முடியாது என்று சொல்லிவிட்டேன். "வருத்தமா இருக்குங்க" என்றாள். உண்மையாகவே வருத்தப்பட்டாள் என்றுதான் நினைக்கிறேன். பிரதி திரும்பி வரும். இந்த வயதில் படியேறிப் புதிதாகக் கதவு தட்டப் போகிறேன். ஆவ்ரம் தலையில் அடித்துக்கொண்டார், பிறகு எழுந்து தேநீர் போட்டுக் கொடுத்தார்.

ஆக, நான் எடுத்த முடிவால் உன் கண் இருக்கும்போது புத்தகம் வராது. என்னை மன்னித்துவிடு என்று கேட்கமாட்டேன். நீ என் இடத்தில் இருந்தாலும் இதைத்தான் செய்திருப்பாய் என்று ஒரு தைரியம்.

புத்தகத்துக்குப் படம் வரைந்த பெண்ணிடம் கெஞ்சி அந்தக் கடைசிப் பக்கத்துப் படத்தை மட்டும் வாங்கிவிட்டேன். இதோடு அனுப்பியிருக்கிறேன். பீப்பாயும் நம் இருவர் சடையும் அப்படியே இருக்கின்றன. பகல் வெளிச்சத்தில், ஜன்னல் பக்கம் வைத்து மெதுவாகப் பார். மகனை விவரிக்கச் சொல்லாதே, நீயே பார்.

கடவுள் உன் வலது கண்ணைக் காப்பாற்றட்டும். இந்த ஒருமுறையாவது ஆரஞ்சு விலையை விட்டுவிட்டு உண்மையை எழுது. உன் கை நடுங்குகிறது என்றும் மகன் எழுதியிருந்தான். படம் நழுவிக் கீழே விழுந்தால் பதறாதே. என்ன செய்ய வேண்டும் என்று உனக்குத் தெரியும்.

என்றும் உன்,
ஃபைகா